திருப்பிப் போட்ட கிளட்ச் பிளேட்

என்னைப் பற்றி எங்கள் குடும்பத்தில் ஒரு கதை உலவுகிறது. ஆறு வருடமாக உலவுகிறது. கல்யாணம், காதுகுத்து, பிறந்தநாள் என்று எங்கே நாலு பேர் கூடினாலும் யாராவது ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நம்ம மாப்பிள்ளை கிளட்ச் மாத்துன கதை தெரியுமா?" என்று ஆரம்பித்துவிடுவார். ஏற்கெனவே கேட்டவர்கள்தான் அதிகமாகச் சிரிப்பார்கள். அந்தக் கதையில் பாதி பொய். பொய்யான பாதியைக் கிளப்பிவிட்டவனே நான்தான். உண்மையான பாதி அதைவிட மானக்கேடு என்பதால் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை.

விஷயம் ஒரு பழைய மினி கார் சம்பந்தப்பட்டது. என் மாமனாருடையது. வெளிர்நீல நிறம், என்னைவிட வயதில் மூத்தது, நாலு பேர் உட்காரலாம் (பின்னால் இருக்கும் இரண்டு பேர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும்). மாமா பினாங்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். பகலெல்லாம் ஆளுயரப் பெட்டிகளைத் தூக்கி இறக்கிவிட்டு, சாயங்காலம் சுங்கை பினாங் வீட்டுக்கு வந்து இந்தக் குட்டிக் காரைத் துடைத்துக்கொண்டிருப்பார். எனக்கு மகளைக் கட்டிக்கொடுத்தவர், சாவியை மட்டும் கடைசிவரை கொடுக்கவில்லை. "நீங்க ஆட்டோ காடி ஓட்டுற ஆளு மாப்பிள்ளை, இது உங்களுக்குச் சரிப்படாதுலா" என்பார். அதையும் மரியாதையாகச் சொல்வார் என்பதுதான் கொடுமை.

அவர் சொன்னது சரி. அவர் காலமான பிறகு, வண்டி சும்மா நின்றால் கெட்டுப்போகும் என்று நானாகவே அக்கறை எடுத்துக்கொண்டு மூன்று முறை ஓட்டினேன். கியர் தானாக மாறும் ஆட்டோ கார் ஓட்டிப் பழகியவனின் இடது காலுக்கு வேலையே கிடையாது. அது கிளட்ச் மிதியைக் கண்டதும் சாய்வு நாற்காலி கிடைத்ததாக நினைத்துக்கொண்டு அதன்மேல் ஓய்வெடுத்தது. மூன்றாவது முறை ஆயர் ஈத்தாம் மேட்டில் வண்டி முனகிவிட்டு நின்றது. மாமா முப்பது வருடம் காப்பாற்றிய கிளட்சை நான் மூன்று ஞாயிற்றுக்கிழமையில் தீர்த்துவிட்டேன். இழுவை லாரியில் ஏறி வீடு வந்து சேர்ந்த மினி, அதன் பிறகு ஒரு வருடத்துக்கும் மேலாக வீட்டு முகப்பில் உறை போர்த்திக்கொண்டு நின்றது.

நவராத்திரிக்கு இரண்டு வாரம் இருந்தபோது அத்தை (என் மாமியார்) ஒரு செய்தி சொன்னார். செபராங் ஜெயாவில் பழைய கார்களை வாங்கிச் சேர்க்கும் ஒருவர் மினியைக் கேட்டிருக்கிறார், கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன் என்றார். என் மனைவி கஸ்தூரி சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டாள். பாலர் பள்ளிக்கு அவளை அந்தக் காரில்தான் மாமா கொண்டுபோய் விட்டார். இன்று அவளே பாலர் பள்ளி ஆசிரியை. அப்பாவின் வேறு எதை வேண்டுமானாலும் கொடுங்கள், இதை வேண்டாம் என்று கெஞ்சினாள்.

அத்தை சொன்னார், "உனக்கென்னம்மா, வாரத்துக்கு ஒரு நாள் வர்ற. நான் தெனம் காலையில கதவைத் தொறக்கிறேன். காடி நிக்கிறதைப் பாத்ததும் அவர் வீட்டுல இருக்காருன்னு தோணுது. இல்லைங்கிறது அப்புறமாத்தான் ஞாபகம் வருது. தெனமும் ஒரு தடவை."

கடைசியில் கஸ்தூரி கேட்டாள், ஓடுகிற வண்டியாக இருந்தால் வைத்துக்கொள்வாயா என்று. அத்தை யோசித்தார். ஓடினால் அது வண்டி, ஆயுத பூசை முடிந்து விஜயதசமி சாயங்காலம் மற்ற வருடங்களைப் போல அதுவே எலுமிச்சம்பழத்தில் ஏறி வெளியே வரட்டும், வைத்துக்கொள்ளலாம் என்றார். இல்லாவிட்டால் மறுநாள் காலை செபராங் ஜெயாக்காரர் லாரியோடு வருவார்.

இந்த இடத்தில் ஒரு புத்திசாலி என்ன செய்திருப்பான்? பழைய கார் தெரிந்த மெக்கானிக்கிடம் ஓடியிருப்பான். நானும் போனேன். தீபாவளி முடியும்வரை கையில் வேலை இருக்கிறது என்றார் அவர். வீட்டுக்கு வந்தேன். கஸ்தூரியின் முகத்தைப் பார்த்தேன். "நானே மாத்திடுறேன்" என்று என் வாய் சொல்லிவிட்டது.

எனக்கு இருந்த தகுதியைச் சொல்லிவிடுகிறேன். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதகர் வேலை. மின்னணுப் பலகைகளை உருப்பெருக்கியின் கீழே வைத்துக் குறை கண்டுபிடிப்பேன். கையுறை போடாமல் ஒரு பலகையைத் தொட்டால் விரலில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு அதைக் கெடுத்துவிடும். அப்படித் தொட்டவரிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்பவன் நான்தான். (இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறந்துவிட்டேன்.) அது போக, இணையத்தில் தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரர் மினிக்கு கிளட்ச் மாற்றும் காணொளியைப் பதினொரு முறை பார்த்திருந்தேன். அவருக்கு இருபத்திரண்டு நிமிடம் ஆனது. நடுவில் தேநீர் வேறு குடித்தார்.

சனிக்கிழமை காலை ஆரம்பித்தேன். மினியில் இஞ்சின் குறுக்காக உட்கார்ந்திருக்கும். அதை வெளியே எடுக்காமலேயே, ஜாக் வைத்து லேசாகத் தூக்கி, வலது பக்கத்து மூடியைக் கழற்றினால் கிளட்ச் தெரியும். தெரியும் என்றுதான் தாடிக்காரர் சொன்னார். எனக்கு மத்தியானம்வரை என் முழங்கை மட்டும்தான் தெரிந்தது. கழற்றிய நட்டுகளை அத்தையின் முறுக்கு டின்களில் போட்டோம். எது எங்கே இருந்து வந்தது என்று குழம்பாமல் இருக்க கஸ்தூரி தன் பள்ளிக்கூட ஒட்டிகளை ஒட்டினாள். யானை டின், முயல் டின், வாத்து டின். அடுத்த வீட்டு லிம் அங்கிள் உறிஞ்சுகுழல் போட்ட காப்பிப் பொட்டலத்தோடு வேலியோரம் வந்து நின்றவர், வாத்து டின்னைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நாற்காலி எடுத்துவரப் போனார்.

கிளட்ச் பிளேட்டுக்கு முன்னால் பிளைவீல் என்று ஒரு கனத்த இரும்புச் சக்கரம் உண்டு. அதை இழுத்தெடுக்கத் தனிக் கருவி இருக்கிறது. அதை மாட்டி முறுக்கினேன். அசையவில்லை. தொங்கினேன். லிம் அங்கிள் சுத்தியல் கொடுத்தார். இருட்டும்வரை மல்லுக்கட்டிவிட்டு அப்படியே விட்டுவிட்டேன். மறுநாள் காலை நாங்கள் உள்ளே தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வெளியே குண்டு வெடித்த மாதிரி ஒரு சத்தம். பிளைவீல் தானாகவே கழன்றுவிட்டது. லிம் அங்கிள் தன் வீட்டு கேஸ் தோங் (சிலிண்டர்) வெடித்துவிட்டதென்று நினைத்து உள்ளாடையோடு ரோட்டுக்கு ஓடிவந்தார். நான் மட்டும் எல்லாம் திட்டமிட்டபடி நடப்பதாகத் தலையாட்டினேன்.

பழைய பிளேட்டை வெளியே எடுத்தேன். என் இடது கால் செய்த காரியம் அதில் தெளிவாகத் தெரிந்தது. புதியது பெட்டியில் தயாராக இருந்தது. அன்றைக்கே மாட்டியிருக்கலாம். ஆனால் அன்று ஆயுத பூசை. ஸ்பேனர், ஜாக், சுத்தியல் எல்லாம் சாயங்காலம் சாமி மேடைக்குப் போக வேண்டும். வைத்துவிட்டால் மறுநாள் காலைவரை தொடக்கூடாது. மாமா இருந்தவரை அவரே தன் கருவிகளைத் துடைத்து வரிசையாக அடுக்குவாராம். அந்த வருடம் அத்தை செய்தார். தன் முறுக்கு அச்சு, கஸ்தூரியின் கதைப் புத்தகங்கள், தொழிற்சாலையில் நான் பயன்படுத்தும் இடுக்கி, மாமாவின் ஸ்பேனர்கள், எல்லாவற்றுக்கும் நடுவில் தாம்பாளத்தில் புதிய கிளட்ச் பிளேட். பிள்ளையார்கூட அன்று ஓரமாகத்தான் இருந்தார். நான் களைப்பில் குளித்துவிட்டு வந்து சூடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டதோடு சரி.

விஜயதசமி காலை. லீவு போட்டிருந்தேன். அத்தை தாம்பாளத்தோடு வந்து பிளேட்டை இரண்டு கையாலும் எடுத்து என்னிடம் நீட்டினார். அதன் முகத்தில் மூன்று இடத்தில் சந்தனம், சந்தனத்தின் மேல் குங்குமம். பிளேட் பளபளவென்று இருந்தது.

உண்மையான பாதி இதுதான். குங்குமத்தை நான் பார்த்தேன். அந்த முகத்தில் தூசிகூட இருக்கக்கூடாது, கையால் தொடாதீர்கள், ஓரத்தைப் பிடியுங்கள் என்று தாடிக்காரர் பதினொரு முறை சொன்னதும் ஞாபகம் வந்தது. துடைக்க வேண்டும் என்று துணியையும் கையில் எடுத்தேன். நிமிர்ந்தால் அத்தை அங்கேயே நிற்கிறார். கையைக் கூப்பிக்கொண்டு, என்னைப் பார்க்காமல், அந்தப் பிளேட்டையே பார்த்துக்கொண்டு. மாமா போனதிலிருந்து அத்தை இட்ட முதல் பொட்டு அது என்று எனக்குத் தோன்றிவிட்டது. (அப்படி இருக்காது, வீட்டில் தினமும் விளக்கேற்றுபவர். ஆனாலும் தோன்றிவிட்டது.) அதை அவர் கண் முன்னால் எப்படித் துடைப்பது? மூன்று பொட்டுதானே, சுற்றுகிற சுற்றில் போய்விடும் என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு அப்படியே மாட்டிவிட்டேன். விரல் ரேகைக்கு விளக்கம் கேட்கும் அதிகாரிதான் இதைச் செய்தார். பளபளப்பைப் பற்றி எனக்குச் சந்தேகமே வரவில்லை. புதுசு என்றால் பளபளக்கத்தானே செய்யும்?

சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் எல்லாம் பூட்டியாகிவிட்டது. முயல் டின்னில் மட்டும் இரண்டு நட்டு மிச்சம் இருந்தது. அதைப் பற்றிப் பேச வேண்டாம். தாசேக் கெலுகோரிலிருந்து கஸ்தூரியின் சித்தப்பா வேட்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார். மாமாவின் தம்பி. எந்த விசேஷத்திலும் அவர் வாய்தான் முதலில் வரும். மினிக்கு மாலை போட்டு, நெற்றியில் பட்டை இட்டு, நாலு சக்கரத்துக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. அத்தை ஆரத்தி சுற்றினார். நான் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருகினேன். இஞ்சின் முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. கஸ்தூரி கையைத் தட்டினாள். இடது காலை ஜாக்கிரதையாக, மாமா மேலே இருந்து பார்க்கிறார் என்ற பயத்தோடு, மெதுவாக எடுத்தேன்.

வண்டி ஒரு சாண் நகர்ந்தது. முன்சக்கரம் எலுமிச்சம்பழத்தைத் தொட்டது. அங்கேயே நின்றுவிட்டது.

வேகம் கூட்டும் எண்ணெய் மிதியை அழுத்தினேன். இஞ்சின் கத்தியது, வண்டி அசையவில்லை. இன்னும் அழுத்தினேன். மோட்டார் பந்தயத்தில் வருவதுபோல் சத்தம், எலுமிச்சம்பழத்துக்கு ஒரு கீறல்கூட இல்லை. முன்பக்கத்து இடுக்கிலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது. அதோடு ஒரு வாசனை. கருகிய கிளட்சின் நாற்றம் எனக்கு நன்றாகத் தெரியும், ஆயர் ஈத்தாமில் நானே உண்டாக்கியதுதான். இது வேறு. இது பசியைக் கிளப்பும் வாசனை. வேலிக்கு அந்தப் பக்கம் லிம் அங்கிள் மூக்கை உயர்த்தி மோப்பம் பிடித்துவிட்டு மலாயில் கேட்டார், "சியாப்பா கோரேங் பீசாங்?"

யார் வாழைப்பழம் பொரிக்கிறார்கள் என்று கேட்கிறார். அந்த நொடியில்தான் என் மண்டையில் உறைத்தது. அது நல்லெண்ணெய். பூசைக்கு வைக்கும் இரும்புச் சாமான்களை எண்ணெய் தொட்டுத் துடைப்பார்கள். துருப்பிடிக்காது, பொட்டும் நன்றாக ஒட்டும். அத்தை ஸ்பேனரைத் துடைத்திருக்கிறார், முறுக்கு அச்சைத் துடைத்திருக்கிறார், அதே கையோடு கிளட்ச் பிளேட்டையும் துடைத்திருக்கிறார். உரசிப் பிடிக்க வேண்டிய ஒரே சாமான் இரவு முழுக்க எண்ணெயில் ஊறியிருக்கிறது. நான் அதைக் கும்பிட்டு வாங்கி மாட்டியிருக்கிறேன்.

இஞ்சினை அணைத்தேன். அத்தை ஆரத்தித் தட்டைக் கீழே வைத்தார். எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார். முழுசாக இருந்தது.

"அவருக்கு இஷ்டமில்ல போல இருக்கு" என்றார் மெதுவாக. "பூசை போட்டு, கும்பிட்டு, அப்படியும் வர மாட்டேங்குது. போகட்டும் கஸ்தூரி. குடுத்திடலாம்."

கஸ்தூரி மினியின் கூரைமேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். கன்னத்தில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது, அதைத் துடைக்கவும் இல்லை. உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று பார்த்தேன். அவர் புருஷனின் வண்டியை அவரே பூசை போட்டுக் கெடுத்தார் என்று ஆகும். அதை எத்தனை நாளைக்குச் சுமப்பார்? சொல்லாவிட்டால் மாமாவுக்கு இஷ்டமில்லை என்று ஆகிவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு முட்டாள் தேவைப்பட்டான். தேடி அலைய வேண்டியிருக்கவில்லை.

"அத்தை, சகுனமெல்லாம் ஒன்னும் இல்ல" என்றேன். "நான்தான் பிளேட்டைத் திருப்பிப் போட்டுட்டேன். முன்பக்கம் வர்றதைப் பின்பக்கமா. என் தப்பு."

சித்தப்பாவுக்கு இரண்டு விநாடி பிடித்தது. பிறகு அவர் சிரித்த சிரிப்பில் வேட்டி அவிழ்ந்துவிடும்போல் இருந்தது. மூன்று நாள் வேலை, பதினொரு தடவை காணொளி, வாத்து டின்னு, கடைசியில் திருப்பிப் போட்டாராம் என்று லிம் அங்கிளுக்கு மலாயில் மொழிபெயர்த்தார். லிம் அங்கிள் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கஸ்தூரிக்கு அழுகை பாதியில் சிரிப்பாக மாறி, மூக்கெல்லாம் ஒழுகி, என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. என்னை வெகு நேரம் பார்த்தார்.

"அப்ப சரியாப் போடுங்க" என்றார். "எலுமிச்சம்பழம் அடுத்த வாரமும் கிடைக்கும்." உள்ளே போய் அவரே செபராங் ஜெயாக்காரருக்குப் போன் செய்து, வர வேண்டாம், எங்கள் மாப்பிள்ளை சரிசெய்துகொண்டிருக்கிறார் என்று சொன்னார். அவர் குரலில் கேலி இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

எண்ணெய்ப் பிளேட்டை ஒருவரும் பார்க்காமல் செய்தித்தாளில் சுற்றித் தொழிற்சாலைக் குப்பைத் தொட்டியில் போட்டேன். திருப்பிப் போட்டதில் அது தேய்ந்துவிட்டது என்று இன்னொரு பொய் சொல்லி இன்னொரு பிளேட் வாங்கினேன். அதை வீட்டுக்கே கொண்டுவராமல் அலுவலக மேசையில் பூட்டிவைத்து, மாட்டப்போகிற நிமிடத்தில்தான் வெளியே எடுத்தேன். கையுறை போட்டுக்கொண்டு. அடுத்த ஞாயிறு சாயங்காலம் நாலு எலுமிச்சம்பழமும் நசுங்கின. அத்தை முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, கோயிலுக்கு விடச் சொன்னார். வழியெல்லாம் என் இடது காலை மட்டும் கவனித்துக்கொண்டே வந்தார்.

அன்றிலிருந்து நான் "திருப்பிப் போட்ட மாப்பிள்ளை". தோசையைக் கையில் எடுத்தால் கேலி. டி-சட்டை போட்டால் கேலி. எங்கள் மகள் பிறந்து நான் முதல் முறை டயப்பர் மாற்றியபோது, ஆஸ்பத்திரி என்றுகூடப் பார்க்காமல் சித்தப்பா, "பாத்து மாப்பிள்ளை, முன்பக்கம் எதுன்னு கேட்டுக்குங்க" என்றார். தாதிகூடச் சிரித்தாள். அவளுக்கும் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார்.

இந்த வருடத் தீபாவளிக்கு மினியிலேயே கடற்பாலம் தாண்டி தாசேக் கெலுகோர் போனோம். சித்தப்பா வீட்டுக்குப் புதிதாக ஒரு மருமகன் வந்திருந்தார். அவருக்காகக் கதை முதலிலிருந்து அரங்கேறியது. வருடத்துக்கு வருடம் அதில் விரிவு சேர்ந்துகொண்டே போகிறது. இந்த முறை தீயணைப்பு வண்டி வந்ததாகக்கூடச் சொன்னார். எல்லோரும் சிரித்து ஓய்ந்த நேரத்தில் அத்தை முறுக்குத் தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்தார்.

"போதும் கொழுந்தனாரே. அவர் ஒன்னும் திருப்பிப் போடல" என்றார். "நான்தான் அந்தப் பிளேட்டுக்கு நல்லெண்ணெய் தடவினேன். ரெண்டு பக்கமும். முப்பது வருஷமா முறுக்குச் சுடுறேன், பொகையோட வாசம் எனக்குத் தெரியாதா? அவர் என்னைக் காட்டிக் குடுக்காமப் பழியை ஏத்துக்கிட்டாரு."

அப்படியானால் அன்றைக்கே, புகை வந்த அந்த நிமிடத்திலேயே, அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

சித்தப்பா எழுந்து நின்று கும்பிட்டார். "பாத்துக்குங்க எல்லாரும். மாமியார்னா இப்படி இருக்கணும். மருமகனோட மானத்தைக் காப்பாத்த இந்த வயசுல என்னமா ஒரு பொய் சொல்றாங்க பாருங்க."

கைதட்டினார்கள். உண்மையாகவே கைதட்டினார்கள். அத்தை மறுபடி மறுபடி சொன்னார், எண்ணெய் எந்தக் குப்பியில் இருந்தது என்றுகூடச் சொன்னார். சொல்லச் சொல்லப் பாராட்டு கூடியது. கஸ்தூரி அம்மாவின் தோளைத் தட்டி, போதும்மா, இதுக்கு மேல அவரைக் காப்பாத்த முடியாது என்றாள். புது மருமகன் தன் மாமியாரை ஏக்கத்தோடு திரும்பிப் பார்த்தார்.

வீடு திரும்பும்போது அத்தை முன்சீட்டில் இருந்தார், கஸ்தூரி பின்னால் மகளோடு. பாலத்தில் ஏறியதும் அத்தையிடம் கேட்டேன், இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று.

"எங்க அவரும் இப்படித்தான்" என்றார் அத்தை, கடலைப் பார்த்துக்கொண்டு. "நான் கொழம்புல உப்பை அள்ளிப் போட்டா, அவரு, 'நான்தான் தெரியாம ரெண்டாவது தடவை போட்டுட்டேன்'னு விருந்தாளிங்ககிட்ட சொல்வாரு. எனக்காகப் பொய் சொல்ற ஆளு அவரோட போச்சுன்னு நெனச்சிருந்தேன். அன்னிக்கு நீங்க அப்படிச் சொன்னதும், கொஞ்ச நாள் அதை வச்சுக்கணும்னு இருந்திச்சு."

பின்னாலிருந்து கஸ்தூரி சந்தேகத்தோடு தலையை நீட்டினாள்.

"ஏங்க, நெசமாவே நீங்க திருப்பிப் போடலியா?"

கண்ணாடியில் அவளைப் பார்த்தேன். பக்கத்தில் அத்தையைப் பார்த்தேன்.

"திருப்பித்தான் போட்டேன்" என்றேன்.

"அதானே" என்று கஸ்தூரி சாய்ந்துகொண்டாள். அத்தை சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தவர், பாலம் முடியும்வரை நிறுத்தவில்லை.